வாவிக்கரை ஆலயங்களும் கொள்ளைநோயும்

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களிலே ஞாயிற்றுக்கிழமை முதலிற் செவிக்கு வந்து, பின்னரே கண்ணுக்குத் தோன்றுவது. விடியுமுன்னே ஆலயமணி நீரின்மேல் மிதந்து வரும். அதன் பின்பே வெள்ளாடை உடுத்தோர் வீதிக்கு வருவர். 2020 ஆம் ஆண்டு ஏப்ரல் 12 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, வீதிக்கு எவரும் வரவில்லை. கொரோனாத் தொற்றின் காரணமாக மார்ச்சு 20 முதல் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் நடைமுறையில் இருந்தது. ஆண்டின் தலையாய திருநாளிலே ஆலயக் கதவுகள் அடைபட்டுக் கிடந்தன.

அவ்வாறு அடைத்தது முறையோ என்று ஐயுற்றவர் இருந்தனர். யாழ்ப்பாணத்து அரியாலையில் மார்ச்சு 15 இல் நிகழ்ந்த ஓர் ஆராதனை அவர்களுக்கு விடை கூறிற்று. வெளிநாட்டிலிருந்து வந்து அங்கே பிரசங்கித்த போதகருக்குத் தொற்று இருந்தமை பின்னர் தெரியவந்தது; கூடியிருந்தோரிற் சிலரையும் அது பற்றிக்கொண்டது. அருகிருந்து ஒருமித்துப் பாடுதலே ஆபத்தாகிய காலம் அது.

ஆயினும் மட்டுநகர்க் கிறிஸ்தவர்களுக்கு இது புதிய அனுபவமன்று. ஓராண்டுக்கு முன், 2019 ஏப்ரல் 21 இல், அதே திருநாட் காலையில், சீயோன் தேவாலய வாயிலில் குண்டு வெடித்தது. மாண்டவர்களுட் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். அதன்பின் அச்சத்தினாலும் பாதுகாப்புக் கருதியும் நாட்டின் கத்தோலிக்க ஆலயங்களிலே ஞாயிறு பூசைகள் நிறுத்தப்பட்டன. ஏப்ரல் 28 இல் கொழும்புப் பேராயர் தம் இல்லத்திலே ஒப்புக்கொடுத்த பூசையை மக்கள் தொலைக்காட்சியிற் கண்டனர். சீயோன் சபையாரோ தம் கட்டடத்தை இழந்து வேறோரிடத்திற் கூடினர். ஆலயமின்றி ஆராதிப்பது எவ்வாறு என்னும் கடினமான பாடத்தைக் கொள்ளைநோய்க்கு முன்னரே கீழ்க்கரை படித்துவிட்டது.

அப்பாடம் மிகப் பழையது. இத்தாலி நாட்டு மிலான் நகரில் 1576 இல் கொள்ளைநோய் பரவியபோது, பேராயர் கார்லோ பொரொமேயோ தெருச்சந்திகளிலே பீடங்கள் அமைப்பித்தார். வீட்டைவிட்டு வெளியேற இயலாதோர் சன்னல் வழியே பூசை கண்டனர். ஈழத்திலோ, கடற்கரைப் பகுதிகள் ஒல்லாந்தர் வசமிருந்த காலத்திலே கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்தது. குருமார் மாறுவேடம் பூண்டு ஊரூராய்ச் சென்றனர். இராக்காலத்தில் வீடுகளிலே பூசை நிகழ்ந்தது. கோயிலை மூடலாம், வீட்டை மூட முடியாது என்பதை ஆட்சியாளர் தாமதமாகவே உணர்ந்தனர்.

1687 இல் ஈழம் வந்த யோசேவாஸ் முனிவரின் வரலாறு இங்கு சற்று விரிவாகவே நினைக்கத்தக்கது. கண்டி நகரில் ஒற்றரென ஐயுற்றுச் சிறையிடப்பட்டவர் அவர். 1697 இல் அந்நகரிலே பெரியம்மை பரவிற்று. மன்னன் நகரை விட்டு அகன்றான். நோயுற்றோரை உறவினரே கைவிட்டனர். முனிவரும் அவர்தம் மருமகனாகிய கர்வாலோ அடிகளும் அங்கேயே தங்கினர். வெற்று வீடுகளை மருத்துவமனையாக்கி, சாதி சமயம் பாராது பிணியாளரைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தனர். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் நன்றி பாராட்டி, சமயப்பணிக்கு இடையூறில்லா நிலையை அளித்தான். ஈழத்துக் கத்தோலிக்கத் திருச்சபை புத்துயிர் பெற்றதற்கு வாதத்திறமையிலும் அந்நோயாளர் பணியே பெருங்காரணம் எனலாம். 2015 சனவரி 14 இல் அவர் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டார்.

2020 இலே கையடக்கத் தொலைபேசி வாயிலாக ஆராதனை வீட்டுக்குள் வந்தது. வார்த்தையை மையமாகக் கொண்ட சபைகளுக்கு அது ஓரளவு போதியதாயிற்று. கத்தோலிக்கருக்கோ நற்கருணையைத் திரை வழங்காது. மனத்தால் மட்டும் அதனை உட்கொள்ளும் பழைய பக்திமுறையே துணையாயிற்று. கருவியும் அலைவரிசையும் இல்லாத குடிசையிலே செபமாலை சொல்லும் பாட்டியே குருவின் இடத்தை நிரப்பவேண்டியிருந்தது. (வீட்டிலிருந்தே பூசை கேட்கும் வழக்கத்தை வானொலி எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே பழக்கிவைத்தது என்பதையும் மறத்தலாகாது.) குண்டுவெடிப்பின் முதலாண்டு நினைவும் அவ்வூரடங்கு நாட்களிலேயே வந்தது. கல்லறைக்குச் சென்று மலர் வைக்கவேண்டிய தாய்மார் வீட்டில் விளக்கேற்றி நினைவுகூர நேர்ந்தது.

வழிபாட்டிலே திரையால் ஈடுசெய்யவே முடியாதது ஒன்றுண்டு. அஃது இறந்தோரை வழியனுப்பும் சடங்கு. 2020 ஏப்ரலில் தொற்றால் இறந்த அனைவரையும் தகனஞ் செய்யவேண்டுமென அரசு விதித்தது. அடக்கத்தையே மரபாகக் கொண்ட இஸ்லாமியரை அது பெரிதும் வருத்திற்று. கிறிஸ்தவக் குடும்பங்களையும் வருத்திற்று. 2021 பெப்ரவரியில் விதி மாற்றப்பட்டது. நாடெங்கிலுமிருந்து உடல்களை ஏற்க முன்வந்த நிலம் மட்டக்களப்பு மாவட்டத்திலேயே, ஓட்டமாவடிப் பகுதியின் மஜ்மா நகரிலே அமைந்தது. மார்ச்சு 5 இல் அங்கே முதல் அடக்கம் நிகழ்ந்தது. பின்னர் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அம்மண்ணிற் சேர்ந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் இஸ்லாமியர். அவர்கள் அருகே கிறிஸ்தவரும், இந்துக்களும், பௌத்தரும் அடங்கினர். தத்தம் ஊர்க் கல்லறைகளிலேயே அடக்கஞ் செய்யும் உரிமை 2022 மார்ச்சிலேதான் மக்களுக்கு மீண்டும் கிட்டியது.