முதுகுல ஊசி போட்டா காலம் முழுக்க இடுப்பு வலியா? மயக்க மருந்து உடலுக்குள் செய்வது என்ன?

விழுப்புரம் மாவட்டம் செஞ்சி, பனமலை பக்கமாகட்டும், தமிழ்நாட்டின் வேறு எந்த ஊராகட்டும், சிசேரியன் ஆன பெண்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: “அந்த முதுகு ஊசி போட்டதுல இருந்துதான் எனக்கு இடுப்பு வலி.” இந்தப் பயத்தில் ஆபரேஷனையே தள்ளிப்போடுபவர்களும் உண்டு. உண்மையில் அந்த ஊசி என்ன செய்கிறது?

வலியின் பாதையை அடைக்கும் மருந்து

காலில் முள் குத்தினால் அந்தச் செய்தி நரம்பு வழியாக மின்சாரம் போல மூளைக்கு ஓடுகிறது. மூளைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அது வலி. நரம்புக்குள் சோடியம் அயனிகள் பாய்வதால்தான் அந்த ஓட்டம் நடக்கிறது. பல் பிடுங்கும்போதும் தையல் போடும்போதும் போடப்படும் லிக்னோகெயின், சோடியம் நுழையும் வாசல்களை அடைத்துவிடும். செய்தி கிளம்பவே கிளம்பாது. மருந்தை ரத்தம் அடித்துச் சென்றதும் மரத்துப்போன இடத்துக்கு உணர்வு திரும்பிவிடும்.

முதுகு ஊசியும் இதே வேலைதான், இடம்தான் வேறு. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவத்தில் பூபிவகெயின் போன்ற மருந்து செலுத்தப்படுகிறது. தண்டுவடம் முடியும் இடத்துக்கும் கீழேதான் ஊசி இறங்கும். அதனால் “தண்டுவடத்துல குத்திடுவாங்க” என்ற பயம் வேண்டாம். இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், ஆனால் தாய் விழித்தே இருப்பார். வயிற்றில் இழுப்பதும் அழுத்துவதும் தெரியலாம், வலி தெரியாது.

அப்போ இடுப்பு வலி?

குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். ஆனால் வருஷக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு இந்த ஊசி காரணம் என்று ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. கர்ப்பத்தில் தளர்ந்த தசைநார்கள், கூடிய எடை, குனிந்து குழந்தையைத் தூக்குவது, பால் கொடுக்க உட்காரும் விதம் என்று வேறு காரணங்கள் நிறைய. ஊசியே போடாமல் சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் இந்த வலி வருகிறது.

கவனிக்க வேண்டியது தலைவலியைத்தான். எழுந்து உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி என்றால், குத்திய ஓட்டை வழியே திரவம் கசிகிறது என்று அர்த்தம். இதற்குச் சிகிச்சை உண்டு, மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

முழு மயக்கம் தூக்கம் இல்லை

தூங்குபவரைத் தட்டினால் எழுந்துவிடுவார். ஜெனரல் அனஸ்தீசியாவில் கத்தி பட்டாலும் எழ மாட்டார். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் புரோபோஃபால், மூளையை அடக்கி வைக்கும் ‘காபா’ ரசாயனத்தின் வேலையைக் கூட்டுகிறது. வலிக்குத் தனி மருந்து, தசைகளைத் தளர்த்தத் தனி மருந்து. தசை தளர்ந்தால் மூச்சும் நிற்கும். அதனால்தான் தொண்டைக்குள் குழாயும் வென்டிலேட்டரும்.

இந்த மூச்சு விஷயத்தில் நம் நாட்டுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1888, 1889-ல் ஹைதராபாத் நிஜாம் செலவில், டாக்டர் எட்வர்ட் லாரி குளோரோஃபார்மை நாய்கள், குரங்குகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். மூச்சைக் கவனித்தால் போதும், இதயத்துக்கு ஆபத்தில்லை என்றது அந்தக் குழு. அது தப்பு. இதயம் திடீரென நிற்கலாம் என்பதை 1911-ல் லெவி நிரூபித்தார். இன்று ஆபரேஷன் முடியும்வரை இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு எல்லாமே திரையில் ஓடிக்கொண்டிருக்கும். மயக்க மருந்து டாக்டரும் பக்கத்திலேயே இருப்பார்.

“ஒரு இட்லிதானே” வேண்டாம்

மயக்கத்தில் இருமல், விழுங்கல் எதுவும் வேலை செய்யாது. வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பொதுவாக 6 மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் என்றால் 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். உங்கள் டாக்டர் வேறு நேரம் சொன்னால் அதுதான் கணக்கு. தெரியாமல் சாப்பிட்டுவிட்டால், திட்டுவார்களே என்று மறைக்காதீர்கள். ஆபரேஷன் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

குடி, சிகரெட், தினமும் போடும் மாத்திரை, பழைய அலர்ஜி எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். “பல் ஏதாவது ஆடுதா?” என்றும் கேட்பார்கள். குழாய் இறக்கும்போது ஆடும் பல் கழன்று மூச்சுக்குழாய்க்குள் விழுந்துவிடக் கூடாதே என்றுதான் அந்தக் கேள்வி.