‘வைன்’ என்ற பெயரின் இரு விரிவுகள்

மாக் கணினியில் பழைய விண்டோஸ் நிரல்களை ஓட்டப் பலர் நாடும் ‘வைன்’ என்ற மென்பொருளின் பெயருக்கு, ‘வைன் எமுலேட்டர் அன்று’ என்ற விரிவே மெய்யான இலக்கணம் என்றும், ‘விண்டோஸ் எமுலேட்டர்’ என்று ஆதியில் வழங்கிய விரிவு அறியாமையால் நேர்ந்த பிழை என்றும் கொள்ளும் அபிப்பிராயம், இத்துறையில் ஏறக்குறையச் சித்தாந்தமாகவே நிலைத்துவிட்டது. அதனோடு நான் உடன்பட இயலாமைக்குக் காரணம், 1990களின் பிற்பகுதியில் இத்திட்டத்துக்கென வழங்கிய வினாவிடைத் தொகுப்பிலுள்ள ஒரு சிறு விடை. பெயர் இவ்விரண்டில் ஒன்றைக் குறிக்கும், இரண்டும் சரியே, பிடித்ததை எடுத்தாளலாம் என்பது அதன் சாரம்.

இதை ஒரு வேடிக்கையாகவோ, இரு கட்சியாரையும் மனங்கோணாமல் அனுப்பிவைக்கும் சமாதான வார்த்தையாகவோ வியாக்கியானம் செய்து முன்னையோர் கடந்துவிட்டனர். நானோ அதனைச் சொன்ன சொல்லுக்கு உள்ள நேர்ப்பொருளிலேயே கொள்ள வேண்டும் என்கிறேன். எந்த எந்திரத்தின்மேல் நின்று பேசுகிறோம் என்று தெளிந்துகொண்டால் போதும்.

விண்டோஸ் 95 காலத்து எழுத்து நிரலொன்று, சி டிரைவில் உள்ள ஒரு கடிதத்தைத் திறக்கும் நொடியைப் பார்ப்போம். நிரல் ‘கிரியேட்ஃபைல்’ என்று கூப்பிடுகிறது. அதற்குச் செவிசாய்ப்பது மைக்ரோசாஃப்ட் எழுதிய கெர்னல்32 என்ற துணைநிரல் அன்று, அதே பெயரில் வைன் குழுவினர் புதிதாக எழுதிவைத்த மாற்று. நிரல் நம்பிக்கொண்டிருக்கும் சி டிரைவோ, பயனரின் கோப்புகளுக்கிடையே ‘டிரைவ்_சி’ என்ற பெயரில் கிடக்கும் ஒரு சாதாரண ஃபோல்டர். முடிவில் கடிதத்தைத் திறந்து கொடுப்பது மாக்கின் சொந்த யூனிக்ஸ் அழைப்பு. இதுவரை எமுலேட்டர், அதாவது வேறோர் எந்திரத்தை மென்பொருளால் நடித்துக்காட்டும் போலி, என்று சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஒரு கூப்பாட்டுக்கும் அடுத்த கூப்பாட்டுக்கும் இடையே அந்நிரல் தானாகச் செய்கிற கூட்டல், ஒப்பீடு, தாவல் ஆகிய இன்டெல் கட்டளைகளை நிறைவேற்றுவது யார்? 1993இல் வைன் தோன்றிய லினக்ஸ் கணினியிலும், 2006இல் வந்த இன்டெல் மாக்கிலும் புராசஸரே அதைச் செய்தது. வைன் கைகட்டி நின்றது. ஆகவே ‘எமுலேட்டர் அன்று’ என்ற பெருமையில் பாதி, புராசஸரிடம் இரவல் வாங்கியது.

அவ்விரவல் கிடைக்காத காலமும் இருந்தது. பவர்பிசி மாக்குகளில் பென்டியம் எந்திரம் முழுவதையும் மென்பொருளாலேயே நடித்துக்காட்ட வேண்டியிருந்தது. கனெக்டிக்ஸ் நிறுவனம் 1997இல் வெளியிட்ட ‘வர்ச்சுவல் பிசி’ அவ்வாறுதான் செய்தது. ஜி5 புராசஸர் வந்தபோது, பைட்டுகளை இன்டெல் வரிசையில் வாசிக்க உதவிய வசதி அதில் இல்லாமற்போக, 2004இல் ஏழாம் பதிப்பு வரும்வரை அந்த நடிப்பும் அங்கே நடக்கவில்லை.

கூப்பாடுகளுக்குச் செவிசாய்க்கும் மேற்பாதி, கட்டளைகளை நிறைவேற்றும் கீழ்ப்பாதி என்ற இரு பாதிகளும் தனித்தனியே முறியக்கூடியவை என்பதை அண்மைச் சரித்திரம் பிரத்தியட்சமாகக் காட்டியிருக்கிறது. 2019இல் மாக்கின் இயங்குதளப் பதிப்பான கேட்டலீனா 32 பிட் நிரல்களைக் கைவிட்டபோது, அவ்வகைக் கட்டளைகளை நிறைவேற்றும் ஆற்றல் புராசஸரிடம் குன்றவில்லை. போனவை ஆப்பிளின் 32 பிட் துணைநிரல்களே. அதனால் வைனை வளர்ப்பதில் பங்குகொள்ளும் கோட்வீவர்ஸ் நிறுவனத்தார், 64 பிட் வைனே 32 பிட் நிரலோடு பேசும்படி ஒரு கம்பைலரையே திருத்தியமைத்தனர். மறு ஆண்டு ஆப்பிளின் ஆர்ம் வகைப் புராசஸரான எம்1 வந்தபோது முறிந்தது மற்றப் பாதி. இன்டெல் கட்டளைகளை ஆர்ம் கட்டளைகளாக மொழிபெயர்க்கும் ரொசெட்டா 2 அவ்விடத்தை நிரப்பியது. இன்றைய மாக்கில் மேற்பாதிக்கு ஒரு விரிவும் கீழ்ப்பாதிக்கு மற்ற விரிவும் பொருந்துகின்றன.

ரொசெட்டா ஆப்பிளின் சொத்து, வைனின் அங்கமன்று என்று ஆட்சேபிப்பாருண்டு. நிரல் ஓடுவதற்கு இரண்டும் வேண்டியிருக்கையில் சொத்துரிமை விசாரணை எதற்கு? மொழிபெயர்ப்பு வேறு, எமுலேஷன் வேறு என்போரது வாதம் வெறும் சொற்போர். ஆர்ம் மாக்குகள் வருமென்று வினாவிடை எழுதியவர் முன்னறிந்தார் என நான் சாதிக்க வரவில்லை. எனினும், 2025 ஜனவரியில் வந்த வைன் 10.0, எமுலேட்டர் எதையும் தன்னோடு தராமலே, வெளியிலிருந்து ஒன்றை ஆர்ம் எந்திரத்தில் கொண்டுவந்து பொருத்துவதற்கான வாயிலைத் தன் உள்ளேயே திறந்துவைத்திருப்பதை, ‘அன்று’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டிருப்போர் எவ்வாறு சமாதானம் செய்வார்கள் என்று அறிய ஆவலாயிருக்கிறேன்.