ஈயமும் மாருதியும்

புகைக்குழாயின் வரலாறும் வரலாறே எனக் கருதுகிறோம். 1995 ஏப்ரலில் தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கில் மட்டும் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாயிற்று. ஈயமற்ற பெட்ரோலும் உடன்வந்தது. ஈயம் படிந்தால் மாற்றியிலுள்ள பிளாட்டினம் செயலிழந்துவிடும். ஏற்காட்டு அடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டி அவ்வாணைக்கு வெளியே நின்றது. (நுரையீரலிலும் மாநகரம், சிற்றூர் உண்டுபோலும்!) நாடெங்கும் ஈயம் நீங்கியது 2000இல்தான்.

கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள் மூன்றும் ஒருசேரக் குறைய, காற்றும் பெட்ரோலும் எடையில் ஏறத்தாழ 14.7க்கு 1 எனக் கலக்கவேண்டும். கார்புரேட்டருக்கு அந்நுட்பம் கைவரவில்லை. ஆக்சிஜன் உணரியின் சொற்கேட்டுப் பெட்ரோலைப் பீய்ச்சும் மின்னணு முறையே அதைச் சாதித்தது. 796 சிசி மாருதி 800உம் 2000வாக்கில் அதற்கு மாறியது. எனினும் 2010இல் பாரத் நான்காம் நிலை விதி வந்த 13 நகரங்களில் அதன் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியும்.