முகத்தைத் தொடாத ஊசி: ஒலியோகிராஃப் முதல் புகைப்படக் குயில்ட் வரை

குளிருக்காக அடுக்கடுக்காகத் துணி சேர்த்துப் போர்வை தைக்கும் தேவை திருவனந்தபுரத்தில் என்றும் இருந்ததில்லை. மார்கழி இரவிலும் ஒரு வேட்டியைப் போர்த்திக்கொண்டு உறங்கிவிடக்கூடிய ஊர் அது. குடும்பப் புகைப்படங்களைக் கணினியில் திருத்தி, துணியில் அச்சிட்டு, ஒட்டுத்தையலாகக் கோக்கும் புகைப்படக் குயில்ட் என்னும் கைவினை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. அதற்கு இந்நகரம் சார்ந்த முன்வரலாறு ஒன்றைத் தேடுபவர் படுக்கையறையில் தேடிப் பயனில்லை. பழைய வீடுகளின் பூஜையறைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், ஜரிகையும் ஜிகினாவும் பாசிமணியும் வைத்துத் தைத்த லட்சுமி, சரஸ்வதி படங்களில்தான் அந்த வரலாறு கிடக்கிறது.

சொல் வழியாகவும் இதைப் பார்க்கலாம். தமிழின் 'கந்தை'யும் வடமொழியின் 'கந்தா'வும் வங்கத்தின் 'காந்தா'வும் ஒரே சொற்குடும்பத்தைச் சேர்ந்தவை. பழந்துணியை ஒட்டித் தைத்தது என்பதே அடிப்படைப் பொருள். வங்கத்தில் அச்சொல் நுண்கலை ஒன்றின் பெயராக உயர்ந்தது. தமிழில் அது வறுமையின் அடையாளமாக, பழமொழிக்குள் கசக்கிக் கட்டப்படும் துணியாகவே நின்றுவிட்டது. பழைய வேட்டியையும் புடைவையையும் மடித்துக் குழந்தைக்கு விரிக்கும் வழக்கம் இங்கும் உண்டு. ஆனால் அதில் உருவம் தைக்கும் மரபு வளரவில்லை. உருவத்தையும் துணியையும் சேர்க்கும் ஆர்வம் வேறொரு வழியில், அச்சுக்கலை வந்தபின் வெளிப்பட்டது.

அந்த அச்சின் தொடக்கம் கிளிமானூர். திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ள அவ்வூரில் 1848இல் பிறந்த ரவிவர்மா, சிறுவயதிலேயே ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் அரண்மனைக்கு அழைத்து வரப்பட்டார். எண்ணெய் வண்ண நுட்பத்தை அரண்மனை ஓவியரான மதுரை ராமசாமி நாயக்கர் அவருக்குக் கற்றுத்தர மறுத்தார் என்றும், நாயக்கரின் மாணவர் ஆறுமுகம் பிள்ளை மறைவாக உதவினார் என்றும் வாழ்க்கை வரலாறுகள் கூறும். (கேரளத்துக் கலையின் தலைமகன் எனப்படுபவரின் கல்வியில் இரு தமிழ்க் கைகள் இருந்தன என்பது அதிகம் பேசப்படாத செய்தி, ஒன்று மூடிய கை, ஒன்று திறந்த கை.) 1873இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்ற பிறகு அவருடைய படங்களுக்கான தேவை ஒருவர் வரைந்து தீர்க்கக்கூடிய அளவைக் கடந்தது. திருவிதாங்கூரின் முன்னாள் திவான் டி. மாதவ ராவ் 1880களில் எழுதிய கடிதமொன்றில், சில ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி ஒலியோகிராஃபாக அச்சிடுமாறு யோசனை கூறினார். ஐரோப்பாவுக்கு அனுப்புவதற்குப் பதிலாக, 1894இல் பம்பாயில் ரவிவர்மாவே ஓர் அச்சகத்தை நிறுவினார். அச்சகம் பின்னர் லோணாவளாவுக்கு அருகிலுள்ள மளவ்லிக்கு இடம்பெயர்ந்தது, பிறகு ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானிய அச்சு வல்லுநரின் கைக்கு மாறியது, 1972இல் தீக்கிரையானது.

அச்சகத்தில் நடந்த வேலை என்ன என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஓர் ஓவியம் வண்ணக் கல்லச்சுக்குப் போகுமுன் கூறுகூறாகப் பிரிக்கப்பட்டாக வேண்டும். முதலில் அதன் வரைகோடுகள் படியெடுக்கப்படும். பிறகு ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல். வெளிர் மஞ்சள் எங்கெங்கே வர வேண்டும், இளஞ்சிவப்பு எங்கே முடிந்து பழுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்பதைக் கல்லச்சுக் கலைஞர் தம் கண்ணாலேயே தீர்மானிப்பார். காகிதத்தில் நேராக விழ வேண்டுமென்பதால் கல்லில் படம் இடவலம் மாறியே இருக்கும். ஒரே தாள் ஒவ்வொரு கல்லின்மேலும் இம்மி பிசகாமல் பதிந்து வர, கடைசியில் மேற்பூச்சு பெற்று எண்ணெய் ஓவியத்தின் பளபளப்போடு வெளிவரும். தூரிகை ஒரே ஓட்டத்தில் தந்த கன்னத்து நிழலை, பத்துக்கும் மேற்பட்ட தட்டையான வண்ணத் துண்டுகளாக உடைத்து மீண்டும் அடுக்குவதே இக்கலை. ஒட்டுத்தையல் போர்வையின் இலக்கணமும் இதுவே.

இவ்வாறு அடுக்கப்பட்ட தாள் வீட்டுக்கு வந்த பின்னும் வேலை முடியவில்லை. பெண்கள் பலர் அதை மேலும் திருத்தினர். தாளைத் துணியின்மீதோ அட்டையின்மீதோ படியவைத்து, தெய்வத்தின் புடைவைப் பகுதியை மெல்லிய தாளில் படியெடுத்து, அதே வடிவில் பட்டு அல்லது வெல்வெட் துணியை விளிம்பு மடிக்கச் சிறிது கூடுதலாக விட்டு வெட்டினர். சில படங்களில் துணி ஒட்டப்பட்டிருக்கிறது; சிலவற்றில் தாளையும் ஊடுருவித் தைக்கப்பட்டிருக்கிறது. உடல் புடைத்துத் தெரிவதற்காக அடியில் பஞ்சு வைத்தவையும் உண்டு. அச்சில் வரைந்திருந்த கரையின் மேல் உண்மையான ஜரிகைக் கரை வந்து அமர்ந்தது. வரைந்த ஆரத்தின் மேல் பாசிமணிகள் ஏறின. கிரீடத்தில் ஜிகினாப் பொட்டுகள் மின்னின. ரவிவர்மா தம் தெய்வங்களுக்கு மராட்டியப் பாணியில் புடைவை உடுத்தியிருக்க, தைத்தவர் தம் பெட்டியில் கிடந்த துணியைக் கொண்டு அதற்கு வேறு நிறமும் வேறு கரையும் தந்தார். அச்சகம் ஆயிரக்கணக்கில் ஒரேமாதிரியாக அனுப்பிய லட்சுமிகள், ஊசி பட்டபின் ஒன்றைப்போல் ஒன்று இல்லாதவர்களாயினர். இன்று காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் இத்தகைய படங்கள் இரண்டை அருகருகே வைத்துப் பார்த்தால், அடியில் ஒரே அச்சு இருக்கிறது என்பதை உணரவே சற்று நேரம் பிடிக்கும்.

இப்படங்கள் அனைத்திலும் ஒரு விதி மீறப்படாமல் இருக்கிறது. முகம், கைகள், பாதங்கள் ஆகியவற்றின் மேல் ஊசி படுவதில்லை. திரையை மாற்றுவார்கள், தாமரையை மணியால் மூடுவார்கள், மயிலுக்குப் பட்டுத்தோகை தைப்பார்கள். முகம் அச்சகம் அனுப்பியபடியே இருக்கும். ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டிலேயே அச்சுப் படத்தின் ஆடைப் பகுதியை வெட்டியெடுத்து, பின்னாலிருந்து துணி வைத்து அலங்கரிக்கும் வழக்கம் இருந்தது. ஆயினும் திருவிதாங்கூர் வீடுகளில் இவ்விதி எங்கிருந்து வந்தது என்பதற்கு அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. உற்சவ மூர்த்திக்கு நாள்தோறும் ஆடை மாறும், அணி மாறும், மாலை மாறும். திருமுகம் மட்டும் மாறாது. அலங்காரத்தின் இந்தத் தர்க்கமே காகிதத்துக்கும் பொருத்தப்பட்டது என்று கருத இடமுண்டு. தையல் நுட்பத்துக்கு வேறு ஊற்றும் இருந்தது. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் சார்ந்த மால்ட் தம்பதியரில் திருமதி மால்ட் தொடங்கிய லேஸ் பின்னல் பயிற்சி, தென் திருவிதாங்கூர்ப் பெண்களின் ஊசிக்குக் கூலியும் சந்தையும் தேடித்தந்தது. அடிமைநிலையிலிருந்த பெண்கள் சிலர் அக்கூலியைக் கொண்டே தம் விடுதலையை வாங்கினர். கோயில் அலங்காரமும் மிஷன் பள்ளித் தையலும் ஒரே படச்சட்டத்துக்குள் சந்தித்திருக்கலாம் என்பதில் வியப்பில்லை. அந்நாட்டின் சமூக வரலாறு முழுவதும் இத்தகைய எதிர்பாராத சந்திப்புகளால் ஆனது.

ஆனால் தைத்தவர் பெயர் எங்கும் இல்லை. தாளின் அடி விளிம்பில் படத்தின் தலைப்பும் அச்சகத்தின் பெயரும் பெரும்பாலும் இருக்கும். பல வாரங்கள் குனிந்திருந்து தைத்தவர் தம் பெயரின் முதலெழுத்தைக்கூட இட்டதில்லை. கொல்கத்தாவின் குருசதய் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு காந்தாவை இதனோடு ஒப்பிடலாம். 19ஆம் நூற்றாண்டில் மானதசுந்தரி தாசி அதைத் தம் தந்தைக்காகத் தைத்தார். தாமே தைத்ததைத் துணியிலேயே நூலால் எழுதியும் வைத்தார். அதனால் இன்று அவர் கலை வரலாற்றில் ஒரு பெயர். தெற்கே தைத்தவர்கள் ஓவியரின் பெயருக்கும் தெய்வத்தின் பெயருக்கும் அடியில் மறைந்துபோயினர். ரவிவர்மா ஆய்வு ஓவியர், அச்சகம், சந்தை, தேசியம் என்று விரிந்துள்ள அளவுக்கு இந்த நான்காவது கையை நோக்கி விரியவில்லை. பழம்பொருள் ஏலங்களில் 'அலங்கரிக்கப்பட்டது' என்ற செயப்பாட்டு வினை ஒன்றோடு விஷயம் முடிந்துவிடுகிறது. யாரால் என்று கேட்பதற்கு அந்த இலக்கணத்தில் இடமே இல்லை.

தெய்வத்தின் முகத்துக்கு இருந்த இந்தப் பாதுகாப்பு மனித முகத்துக்குக் கிடைக்கவில்லை; புகைப்படம் வந்த நாள் முதலே கிடைக்கவில்லை. திருவிதாங்கூர் அரசின் புகைப்படக்காரர் சக்கரியாஸ் டி குரூஸ் 1900ஆம் ஆண்டு வாக்கில் எடுத்த படங்கள், கர்சன் பிரபுவின் சேகரிப்பு வழியாகப் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அக்காலத்துப் புகைப்படம் கண்ணாடித் தகட்டில் எடுக்கப்பட்டது. உருவப்படம் எடுக்கும் நிலையங்களில் தகட்டின் மேல் கூர்மையான பென்சிலால் முகச் சுருக்கங்களையும் தழும்புகளையும் திருத்துவது வழக்கமான வேலை. அச்சிட்ட பின் கையால் வண்ணம் பூசுவது அடுத்த வேலை. ரவிவர்மாவும் அவருடைய தம்பி சி. ராஜராஜவர்மாவும் மறைந்தவர்களின் புகைப்படங்களைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் உருவம் வரைந்து தந்ததுண்டு. ராஜஸ்தானத்து நாத்துவாராவில் இன்னும் நேரடியான முறை இருந்தது. யாத்திரிகரின் புகைப்படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, ஸ்ரீநாத்ஜியின் முன் கைகூப்பி நிற்பதாக வரைந்த உடலின் மேல் ஒட்டுவார்கள். அங்கே முகம் உண்மை, மற்றதெல்லாம் விருப்பம்.

புகைப்படம் துணிக்கு மாறிய கதையை விரைவாகச் சொல்லிவிடலாம். 1842இல் ஜான் ஹெர்ஷெல் கண்டறிந்த நீலப்பட முறைக்கு இரும்பு உப்புக் கரைசல், வெயில், தண்ணீர் ஆகியவை போதும். பருத்தித் துணியிலும் அது நன்றாகவே பதியும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கப் பெண்கள் குடும்பப் படங்களை இவ்வாறு துணியில் பதித்துப் போர்வைகளில் தைத்தனர். துவைப்பதில்தான் இடர்: காரச் சோப்புப் பட்டால் அந்த நீலம் வெளுத்துப்போகும். 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிகரெட் பெட்டிகளோடு நடிகையரின் உருவம் அச்சிட்ட பட்டுத் துண்டுகள் இலவசமாக வந்தன. கணவன்மார் புகைத்துத் தள்ள, மனைவியர் அத்துண்டுகளைச் சேர்த்துப் போர்வை தைத்தனர். 1987 அக்டோபரில் வாஷிங்டனில் விரிக்கப்பட்ட எய்ட்ஸ் நினைவுப் போர்வையில் 1,920 துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஏறக்குறைய ஒரு புதைகுழியின் அளவு. அரசு பேசத் தயங்கிய சாவுகளுக்கு அங்கே பெயரும், பலவற்றில் முகமும் இருந்தன.

இன்று பாட்டியின் பழைய படத்தைப் போர்வையாக்க விரும்பும் ஒருவர் செய்யும் வேலைகளில் பல, அந்த அச்சகத்தில் நடந்தவையே. இஸ்திரி வெப்பத்தால் துணிக்கு மாற்றுவதானால் படத்தை இடவலம் திருப்ப வேண்டும். கல்லில் திருப்பியதும் அதே காரணத்தால். தையலுக்காகச் சுற்றிலும் கால் அங்குலம் விட வேண்டும். படத்தை அச்சிடாமல் துணித் துண்டுகளாலேயே முகத்தை உருவாக்குவதானால், மென்பொருள் அதை ஐந்தாறு நிறப்படிகளாகக் குறைத்துத் தரும். ஒவ்வொரு படிக்கும் ஒரு துணி. கல்லச்சுக் கலைஞர் கண்ணால் செய்த பிரிவினையை இப்போது ஒரு கட்டளை செய்கிறது.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. ஐந்தாறு படிகளில் எது தோல், எது நிழல் என்பது எண்கணக்கால் முடிவாகிறது. கருத்த முகமொன்றில் கன்னமும் தாடையும் கண்குழியும் ஒரே படியில் விழுந்து, முகம் ஒரே கறையாகத் தெரியும். அதைச் சரிசெய்ய வெளிச்சத்தைக் கூட்டுவதே எளிய வழி. கூட்டினால் முகம் துலங்கும், பாட்டி சிவந்துவிடுவார். புகைப்படத் தொழிலுக்கு இந்தச் சாய்வு புதிதன்று. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கோடாக் நிறுவனம் வண்ணச் சமநிலைக்காக ஆய்வகங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் இருந்தது வெள்ளைத் தோல் கொண்ட பெண்ணின் படமே. வெளிச்சத்தைக் கூட்டாமல் படிகளின் எல்லையைக் கையால் நகர்த்தி, இருண்ட பகுதிக்குள் மட்டும் நான்கு படிகள் வகுத்து, அதற்கேற்ற பழுப்புத் துணிகளைக் கடைகடையாகத் தேடுவது மற்றொரு வழி. அதற்கு நேரம் பிடிக்கும், துணியும் எளிதில் கிடைக்காது. ஆயினும் இறந்தவரின் முகத்தை அடையாளம் காணப்போகிறவர்கள் அவரைக் கண்டவர்கள். அவர்கள் முன் வைக்கப்படும் முகம் என்ன நிறமாக இருக்க வேண்டும் என்பதை மென்பொருளின் முன்னிருப்புத் தெரிவுக்கு விட்டுவிடுவதை நியாயப்படுத்த முடியாது. ஆடையின் நிறத்தை எத்தனை முறை மாற்றினும் குறையில்லை என்பதைத் தெற்கத்திப் பூஜையறைகள் ஏற்கெனவே காட்டியுள்ளன.

திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் 1935இல் திறக்கப்பட்ட ஸ்ரீ சித்திரா கலைக்கூடத்திலும், 2023இல் ரவிவர்மாவுக்கெனவே திறக்கப்பட்ட கலைக்கூடத்திலும் பாதுகாக்கப்படுபவை எண்ணெய் ஓவிய மூலங்கள். தைத்த படங்கள் பெரும்பாலும் தனியார் வீடுகளில், ஈரக்காற்றில், பூச்சி அரிக்கக் கிடக்கின்றன. பட்டு நைந்து விலகும் இடங்களில் அடியிலிருக்கும் அச்சுப் புடைவை, வெளிச்சமே படாமல் கிடந்ததால், அச்சான காலத்துச் சிவப்போடு வெளிப்படும். அதைச் சுற்றிலும் ஊசித் துளைகள் வரிசையாக இருக்கும். யாரும் தொடாமல் திறந்தே விட்ட முகம், நூறாண்டு விளக்குப்புகையிலும் வெயிலிலும் பழுப்பேறி மங்கியிருக்கும்.