காப்பாற்ற போனவர்களையே தேடிய சோகம்: போர்பந்தர் கடலில் 38 நாள் நடந்தது என்ன?

போர்பந்தர்:
நடுக்கடலில் யாருக்கு ஆபத்து என்றாலும் பறந்து போவது கடலோர காவல்படை ஹெலிகாப்டர். அந்த ஹெலிகாப்டரே கடலில் விழுந்தால்? 2024-ம் ஆண்டு குஜராத்தில் அதுதான் நடந்தது.

செப்டம்பர் 2-ந்தேதி இரவு. போர்பந்தரில் இருந்து சுமார் 45 கி.மீ. தூரத்தில் 'ஹரி லீலா' என்ற டேங்கர் கப்பலில் ஊழியர் ஒருவர் படுகாயத்துடன் உயிருக்கு போராடினார். அவரை மீட்க 11 மணி அளவில் 4 பேருடன் 'துருவ்' ஹெலிகாப்டர் சென்றது. கப்பலை நெருங்கும்போது கடலில் விழுந்து நொறுங்கியது.

சில நாட்களுக்கு முன்புதான் குஜராத் மழை வெள்ளத்தில் 67 பேரின் உயிரை காப்பாற்றிய ஹெலிகாப்டர் அது.

4 கப்பல்கள், 2 விமானங்கள் விரைந்தன. ஒருவர் மட்டும் உயிரோடு மீட்கப்பட்டார். கமாண்டன்ட் விபின் பாபு, மாலுமி கரண் சிங் ஆகியோர் பிணமாக மீட்கப்பட்டனர். ஹெலிகாப்டரை இயக்கிய கமாண்டன்ட் ராகேஷ் குமார் ராணா கதி என்ன ஆச்சு என்றே தெரியவில்லை.

தேடுவது ஏன் கஷ்டம்?

தரையில் விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கும். கடல் அப்படி இல்லை. காற்றும் நீரோட்டமும் இழுத்துக்கிட்டே போகும். நேரம் ஆக ஆக தேட வேண்டிய பரப்பும் பெருசாகும். ராத்திரி என்றால் சொல்லவே வேண்டாம்.

ஆனாலும் கடலோர காவல்படையும் கடற்படையும் விடவில்லை. விமானங்கள் மட்டும் 70 தடவைக்கு மேல் பறந்து சல்லடை போட்டு தேடின.

38 நாள் கழித்து, அக்டோபர் 10-ந்தேதி, போர்பந்தருக்கு தென்மேற்கே சுமார் 55 கி.மீ. தூரத்தில் ராணாவின் உடல் கிடைத்தது. யாரோ ஒருவர் உயிரை காப்பாற்ற போன 4 பேரில் 3 பேர் உயிரோடு திரும்பவில்லை. ஆனால் ஒருவரைக்கூட கடலிலேயே விட்டுவிடவில்லை.