தேறலும் குழலும்

கச்சேரியும் மது ருசிப்பும் ஒரே மாலையில் என்பது இப்போது ஒரு நகரத்து நாகரிகம். நாசிக்கில் சுலா திராட்சைத் தோட்டத்தார் 2008இல் இதை ஒரு விழாவாகவே தொடங்கினார்கள். இது மேற்கத்தியச் சரக்கு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நாமும் முன்னேறிவிட்டோம் என்று பூரிப்பவர்களும் உண்டு. இரு சாராருக்கும் சிறுபாணாற்றுப்படை பரிச்சயமில்லை. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் இத்தகைய மாலை நடக்குமானால் அதற்கு என்ன அர்த்தம் இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். யோசனை என்னை அந்தப் பாட்டில் கொண்டுபோய் விட்டது.

நல்லூர் நத்தத்தனார் ஒய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடியது 269 அடி. வறுமையில் வாடும் பாணனை அவனிடம் வழிப்படுத்தும் பாட்டு. வழியில் முதல் ஊர் எயிற்பட்டினம். இன்றைய மரக்காணம் அது என்பார்கள். பழவேற்காட்டிலிருந்து தெற்கே இறங்கினால் அதே கரையில் வருகிற ஊர். அலை ஒதுக்கிய வாசனை மரங்கள் தூங்கும் ஒட்டகங்களைப்போல் அங்கே கிடக்கின்றன. அவற்றையே விறகாக்கித் தீ மூட்டி, பழைய தேறலை அரித்து வைத்திருக்கிறாள் ஒரு நுளையர் பெண். பரதவர் அதைப் பாணர்களுக்கு ஊட்டுகிறார்கள். குழலின் தாளத்துக்கு ஆடிய விறலியரோடு பாணன் வீடுதோறும் சுட்ட குழல்மீன் பெறுகிறான். ஒரு குழல் வாத்தியம், இன்னொரு குழல் உலர்ந்த மீன். இரண்டையும் அடுத்தடுத்த அடிகளில் வைத்த புலவனுக்கு ரஸனை பற்றி நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

புலவன் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் மிகைப்படுத்துவதற்கு எதைத் தேர்ந்தெடுத்தான் என்பதும் சரித்திரம்தான். யவனர் கலங்களில் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் அருந்துவதை நக்கீரர் பாடியிருக்கிறார் (புறநானூறு 56). புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டியபோது அத்தகைய மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. ஆக, அந்தக் காலத்துக் கீழைக் கரையில் இரண்டு மதுக்கள் இருந்தன. ஒன்று கப்பலில் வந்து அரசனிடம் போனது. மற்றது குப்பத்திலேயே வடிந்து பாடகனிடம் போனது. முதலாவது அந்தஸ்து. இரண்டாவது உறவு. இன்றைய ருசிப்பு மாலைகள் முதலாவதன் வாரிசுகள்.

உறவு எப்படி அறுந்தது? 1886இல் சென்னை ஆப்காரிச் சட்டம் வந்தது. கள் இறக்கும் மரத்துக்கு வரி, விற்கும் கடைக்கு ஏலம். மூன்று வருஷம் கழித்து, 1889இல், உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சேற்றினார். நுளைமகள் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தபோது கரையில் அவளுடைய தொழில் சர்க்காரின் வருமானமாகிவிட்டிருந்தது. 1928இல் சென்னையில் மியூசிக் அகாடமி. சங்கீதம் சபா நாற்காலிக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. 1937இல் சேலத்தில் ராஜாஜியின் மதுவிலக்கு. 1948க்குள் மாகாணம் முழுவதும். 1971இல் விலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்பி வந்தது. 1983இல் டாஸ்மாக்; 2003இல் சில்லறைக் கடையும் அதன் கைக்கே போயிற்று. கள்ளுக்குத் தடை, கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராவிக்கு அரசு முத்திரை. இந்தக் கணக்கில் ஒழுக்கத்தின் பங்கு எவ்வளவு, கஜானாவின் பங்கு எவ்வளவு என்பதை வாசகர் தாமே கூட்டிக்கொள்ளலாம்.

குடி நல்லது என்று வாதிடுவதல்ல என் நோக்கம். பழைய கரையில் குடிக்கு ஒரு வீடு இருந்தது, வடித்தவளுக்கு முகம் இருந்தது, பாட்டு அதற்கு ஓர் அளவு வைத்தது என்பதே நான் சொல்வது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த மீனவர் குப்பமான எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். எயிற்பட்டினத்தின் அதே மணல். வடித்தவனின் முகம் குடித்தவர்களுக்குத் தெரியாது. பாட்டு அங்கே இல்லவே இல்லை, பிறகு வந்த ஒப்பாரியைத் தவிர.

பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் டச்சுக் கல்லறைகளைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்ததிலிருந்துதான் அந்த ஊருக்குச் சரித்திரம் என்று நினைப்பு. ஏரியில் யார், எந்த நாளில், எங்கே வலை போடுவது என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஓர் ஏற்பாடு அங்கே உண்டு. அதன் பெயர் பாடு. முறைக்கும் கஷ்டத்துக்கும் பாட்டுக்கும் நம்மிடம் ஒரே சொல்தான். நாளை அந்தக் கரையில் விளக்குக் கட்டி, சீட்டு விற்று, கோப்பையும் வீணையுமாக யாராவது வரலாம். வரட்டும். அவர்களிடம் கேட்க மூன்று கேள்விகள் இருக்கின்றன. இதை வடித்தது யார்? ஊட்டுவது யார்? பாடியவன் எந்த வீட்டில் உட்கார்ந்து மீன் தின்றான்? மூன்றுக்கும் நத்தத்தனாரிடம் பதில் இருக்கிறது.