சுடாத நெருப்பு

சூடுபட்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது என்பார்கள். பூனையின் புத்திக்கு இது நல்ல அத்தாட்சிதான். ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்தப் பெருமையில் பாதி நெருப்பைச் சேர வேண்டும். நெருப்பு யோக்கியமான பொருள். தொட்டவுடனே சுடும், கை தானே பின்வாங்கிவிடும். பாடம் சொல்ல வேறு உபாத்தியாயர் வேண்டியதில்லை. தொட்டபோது சும்மா இருந்துவிட்டு, பல நாள் கழித்துச் சுடுகிற நெருப்பு ஒன்று இருந்தால் பூனை என்ன செய்யும்? மனிதன்தான் என்ன செய்வான்?

அப்படி ஒரு நெருப்பு 1895-ம் வருஷத்தின் கடைசியில் உலகத்துக்கு வந்து சேர்ந்தது. ஜெர்மனியில், வூர்ஸ்பர்க் நகரத்துப் பேராசிரியர் ரான்ட்ஜன் எக்ஸ்ரே என்னும் கதிரைக் கண்டுபிடித்தார். அவருடைய மனைவியின் கையெலும்பும் விரல் மோதிரமும் தெரிகிற படம் பத்திரிகைகளில் வந்ததும் ஊர் உலகமெல்லாம் ஒரே பரபரப்பு.

அமெரிக்காவில் எடிஸன் சும்மா இருப்பாரா? கதிர் பட்டால் ஒளிரும் திரை ஒன்றைச் செய்து, படம் பிடிக்காமலே எலும்பை நேரில் பார்க்க வழி கண்டார். 1896-ம் வருஷம் மே மாதம் நியூயார்க்கில் நடந்த மின்சாரப் பொருட்காட்சியில் ஜனங்கள் வரிசையில் நின்று தங்கள் கையெலும்பைத் தாங்களே பார்த்துவிட்டுப் போனார்கள். எடிஸனுக்கு இந்த வேலையில் வலக்கையாக இருந்தவர் கிளாரன்ஸ் டாலி என்ற ஊழியர். கண்ணாடிக் குழாய் ஊதுவதில் கெட்டிக்காரர்.

அந்நாளில் கதிர்க்குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. குழாய்க்கும் திரைக்கும் நடுவே சொந்தக் கையை நீட்ட வேண்டும். எலும்பு தெளிவாகத் தெரிந்தால் குழாய் நல்ல குழாய். கருவிக்கு அளவுகோல் மனிதனுடைய கைதான். டாலி தினந்தோறும் இப்படித் தம் கையை நீட்டினார். வலியில்லை, சூடில்லை. பிறகு ஏன் பயப்பட வேண்டும்?

எச்சரிக்கை செய்ய ஆள் இல்லாமல் இல்லை. அதே 1896-ல் எலிஹு தாம்ஸன் என்ற விஞ்ஞானி, வேண்டுமென்றே தம் இடக்கைச் சுண்டுவிரலைக் குழாயருகே வைத்துச் சோதித்தார். சில நாட்கள் வரை ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு விரல் சிவந்து, வீங்கி, கொப்புளம் கண்டு, பொறுக்க முடியாத நோவு எடுத்தது. அவர் இதைப் பகிரங்கமாக எழுதினார். ஆனால் சிலர் குற்றத்தை மின்சாரத்தின் மேல் போட்டார்கள். சிலர் ஓஸோன் வாயுவின் மேல் போட்டார்கள். செயலுக்கும் வலிக்கும் நடுவே நாட்கள் புகுந்துவிட்டால், குற்றவாளி தப்பிப்பது எவ்வளவு சுலபமாகிவிடுகிறது!

டாலியின் கைகள் புண்ணாயின. இடக்கை மோசமானபோது, அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டு வலக்கையை நீட்டினார். இந்த ஒரு வாக்கியத்தை எழுதும்போதே எனக்கு என்னவோ செய்கிறது. புண் புற்றுநோயாக மாறியது. முதலில் இடக்கை போயிற்று. பிறகு வலக்கை விரல்கள். அதன் பிறகு அந்தக் கையும். 1904-ம் வருஷம் அக்டோபரில், முப்பத்தொன்பதாவது வயதில், அவர் காலமானார். எடிஸன் அவருக்குச் சம்பளத்தை நிறுத்தாமல் கொடுத்து வந்தார். எக்ஸ்ரே ஆராய்ச்சியை மட்டும் அடியோடு விட்டுவிட்டார்.

விட்டுவிட எல்லோராலும் முடியுமா? நோயாளிகள் காத்திருந்தார்கள். பிலடெல்பியாவில் கஸாபியன் என்ற வைத்தியர் தம் கைப்புண்கள் வளர்வதைத் தாமே படம் பிடித்து வைத்துவிட்டு 1910-ல் இறந்தார். இங்கிலாந்தில் பர்மிங்காம் வைத்தியர் ஹால்-எட்வர்ட்ஸ் 1908-ல் இடக்கையை இழந்தார். இந்தக் காலத்தில்தான் உயிருள்ள கைக்குப் பதிலாக, செத்தவர் கையெலும்பை வைத்துக் குழாயைச் சோதிக்கும் கருவிகளும் வந்தன. சின்ன யோசனைதான். அது பிறப்பதற்குள் எத்தனை பேருடைய கைகள் போய்விட்டன!

1921-ல் பிரிட்டனில் பாதுகாப்புக் கமிட்டி ஒன்று ஏற்பட்டது. 1928-ல் ஸ்டாக்ஹோமில் சர்வதேசக் கமிட்டி பிறந்தது. அந்தக் கமிட்டி 1934-ல் ஒரு நாளைக்கு இவ்வளவு கதிர்தான் என்று வரம்பு கட்டியது. தோல் சிவப்பதைக் கொண்டு போட்ட கணக்கு அது. இன்றைய வரம்பு அதில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே. ஹாம்பர்க் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் 1936-ல் இந்தத் தொழிலில் மாண்டவர்களுக்கு ஒரு நினைவுக்கல் நாட்டினார்கள். முதலில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பெயர்கள். பிற்பாடு முந்நூற்றைம்பதையும் தாண்டிவிட்டது.

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே எடுப்பவரின் சட்டையில் ஒரு சின்ன வில்லை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தடவை அப்படி ஓர் இளைஞரிடம், "இது என்ன தம்பி?" என்று கேட்டேன். "மூணு மாசத்துல என் மேல எவ்வளவு கதிர் பட்டுதுன்னு இதை வெச்சுத்தான் சார் கணக்குப் பார்ப்பாங்க" என்றார். நரம்பு சொல்லாமல் விட்டதை இந்த வில்லை சொல்கிறது. டாலியிடம் இல்லாத நரம்பு இது.

சுடாத நெருப்பு எக்ஸ்ரே ஒன்றுதானா? கல் உடைப்பவரின் நுரையீரலில் படியும் தூசியும் உடனே வலிப்பதில்லை. இரைச்சலில் நிற்பவரின் காதும் ஒரே நாளில் செவிடாவதில்லை. "இத்தனை நாள் வேலை செய்தாயே, ஒன்றும் ஆகவில்லையே?" என்று மேஸ்திரி கேட்கிறார். வேலைக்காரரும் தமக்குத் தாமே அதையே சொல்லிக்கொள்கிறார். டாலியும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பார். ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு, இன்னும் தெரியவில்லை என்றும் ஒரு பொருள் உண்டு. இரண்டு கைகளைக் கொடுத்துக் கற்ற பாடம் இது. இன்னொருவர் கையைக் கொடுத்து மறுபடியும் கற்க வேண்டியதில்லை.